உஷ்ணம் போகும் வழி

நம் ஊர் மோட்டார்ப் பட்டறைகளில், வண்டியின் சப்தத்தைச் சற்று நேரம் தலை சாய்த்துக் கேட்டுவிட்டு, "எஞ்சினை இறக்கவேண்டும்" என்று மெக்கானிக் தீர்ப்புச் சொல்லும்போது, வண்டிக்காரருடைய முகம் வாடிப்போவதை நாம் பார்த்திருக்கிறோம். உண்மையில் பெரும்பாலான கார்களில் எஞ்சின் இறங்குவதில்லை. சங்கிலி பூட்டிக் கப்பியால் மேலே தூக்கித்தான் எடுக்கப்படுகிறது. ஆயினும் அதை இறக்குவது என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தச் சொல் எழுத்துப் பிசகாமல் பொருந்துகிற கார் ஒன்று உண்டு. அது ஜெர்மனியில் பிறந்த வோக்ஸ்வாகன் பீட்டில். பின்பக்கத்து மூடியைத் திறந்து, கார்புரேட்டருக்கு வரும் கம்பியையும் மின்சார ஒயர்களையும் பெட்ரோல் குழாயையும் விடுவித்து, கியர்பாக்ஸோடு பிணைத்திருக்கும் நான்கே போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால், நூறு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள அந்த எஞ்சின் சற்றுப் பின்னுக்கு நகர்ந்து, கீழே காத்திருக்கும் ஜாக்கியின் மேல் அமர்ந்து, சாதுவாகத் தரைக்கு இறங்கிவிடும். பழகிய கைக்கு அரை மணி நேர வேலை.

இறக்குவது இத்தனை சுலபமாக இருப்பதனாலேதான், ஏற்றும்போது பழையதையே ஏன் ஏற்றவேண்டும், இதைவிடப் பெரிதாக ஒன்றை ஏற்றினால் என்ன, என்ற ஆசை உலகெங்கும் பீட்டில்காரர்களைப் பிடித்து ஆட்டுகிறது. மெக்சிகோ நாட்டுப் புயெப்லா நகரத் தொழிற்சாலையில் 2003-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி கடைசி பீட்டில் வெளிவந்தபோது, மொத்தம் 2,15,29,464 கார்கள் உற்பத்தியாகியிருந்தன. அவற்றில் இன்னும் ஓடுகிறவற்றின் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் களைத்துப் போய்க்கொண்டிருக்கின்றன. மாற்று எஞ்சின் தேடுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, அதற்கு எத்தனை குதிரைச் சக்தி என்பது. கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று என்பது என் அபிப்பிராயம். பீட்டிலினுடையதைப் போலக் காற்றினால் குளிரும் எஞ்சினைப் பொறுத்தவரையில், சக்தி எவ்வளவு பிறக்கிறது என்பதைவிட, அதனோடு கூடப் பிறக்கும் உஷ்ணம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதே அந்த எஞ்சினின் ஆயுளை நிர்ணயிக்கிறது.

பெட்ரோலை எரிப்பதனால் கிடைக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. இக்காலத்துச் சிறந்த எஞ்சின்களைத் தள்ளிவிட்டு, பழைய காலத்து எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொண்டால், உத்தேசமாக நான்கில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெரும்பங்கொன்று சைலன்ஸர் வழியே புகையோடு போகிறது. மீதியெல்லாம் சிலிண்டரின் சுவரிலும் தலையிலும், அதாவது பட்டறையில் 'ஹெட்' என்கிறார்களே அதிலும், உஷ்ணமாகத் தங்கிவிடுகிறது. இந்த உஷ்ணத்தை யாரேனும் சுமந்துகொண்டு போகவேண்டும். நீர் இந்த வேலைக்கென்றே பிறந்தது போன்ற பொருள்; ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி சூடாகும்போது வாங்கிக்கொள்ளும் உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளச் சுமார் 3,500 லிட்டர் காற்று வேண்டியிருக்கும். காற்று உஷ்ணத்தைக் கடத்துவதிலும் நீருக்கு வெகு தூரம் பின்தங்கியது. ஆகவேதான் காற்றினால் குளிரும் சிலிண்டரைச் சுற்றி, மோட்டார் சைக்கிள்களில் நாம் தினமும் பார்ப்பது போல, மெல்லிய உலோகச் செதில்களை அடுக்கடுக்காக வைத்து, காற்றுத் தொடும் பரப்பைப் பல மடங்காக்குகிறார்கள்.

இவ்வளவு பலவீனமான பணியாளை வைத்துக்கொண்டு பீட்டிலின் எஞ்சின் எப்படிப் பிழைத்தது என்றால், அதற்கு ஒரு சாதகமும் இருந்தது. உஷ்ணம் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும் வேகம் இரண்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. ரேடியேட்டரில் உள்ள நீர் 90 டிகிரியில் இருக்க, வெளிக்காற்று 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்ந்தால், வித்தியாசம் 65-லிருந்து 50-ஆகக் குறைந்து, குளிர்ச்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நஷ்டமாகிறது. காற்றினால் குளிரும் ஹெட்டோ 190 டிகிரியில் வேலை செய்யக்கூடியது. அதற்கு அதே கோடையில் வித்தியாசம் 165-லிருந்து 150-ஆகத்தான் குறைகிறது. நஷ்டம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் ரஷ்யப் பனியிலும் ஜெர்மன் ராணுவம் இந்த எஞ்சினைப் பொருத்திய வண்டிகளை ஓட்டியதற்கு, கொதிக்க நீரில்லை, உறையவும் நீரில்லை என்பதோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இனி, காற்று எப்படிச் செலுத்தப்படுகிறது என்பதைப் பார்ப்போம்; மாற்று எஞ்சின் விஷயத்தில் மக்கள் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேதான். டைனமோவின் ஒரு முனையில் பெல்ட் பூட்டிய சக்கரமும், மறுமுனையில் விசிறியும் இருக்கின்றன. கிராங்க்ஷாஃப்ட் ஒரு முறை சுற்றுவதற்குள் விசிறி கிட்டத்தட்ட இரு முறை சுற்றிவிடும். நிமிஷத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது, விநாடிக்கு 500 லிட்டருக்கு மேற்பட்ட காற்றை அது உறிஞ்சி, தகரத்தால் ஆன கூடு ஒன்றினுள் செலுத்துகிறது. கூட்டினுள்ளே உள்ள தடுப்புகள் அந்தக் காற்றை இரண்டு பக்கத்துச் சிலிண்டர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கின்றன. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றைத் தடுத்து வைத்து, 65 முதல் 70 டிகிரிவரை சூடேறியதும் திறந்துவிடும் கதவுகளும், அவற்றை இயக்கும் துருத்தி போன்ற தெர்மோஸ்டாட் ஒன்றும் உண்டு. எஞ்சினைச் சுற்றிலும் தகடுகளும், அவற்றின் விளிம்பில் ரப்பர்ப் பட்டையும் சேர்ந்து, மேலே குளிர்ந்த காற்று ஓர் அறை, கீழே சூடான காற்று ஓர் அறை என்று பிரித்து வைக்கின்றன. ரப்பர்ப் பட்டை கிழிந்தால், கீழே தள்ளிய வெந்த காற்றையே விசிறி திரும்பவும் மேலே இழுத்துக்கொள்ளும்; எச்சில் காற்றையே மீண்டும் மீண்டும் சுவாசிப்பவன் கதை அது.

இந்தப் பங்கீட்டில் வஞ்சிக்கப்பட்டது மூன்றாம் சிலிண்டர். இடப்பக்கத்தில் முன்புறம் இருக்கும் அதற்கு நேர் மேலே, விசிறிக்கூட்டுக்குள், ஆயில் கூலரை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கூலரைத் தாண்டி வந்த காற்று, அளவில் குறைந்தும் ஏற்கெனவே சூடாகியும் மூன்றாம் சிலிண்டரை அடைந்தது. ஆகவே அந்த ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மற்றவற்றைக் காட்டிலும் சீக்கிரம் தளர்ந்து, சில சமயம் தலை அறுந்து, பிஸ்டனைத் துளைத்துக்கொண்டு போகும். கம்பெனிக்கு இது தெரியாமல் இல்லை; மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறியைச் சில டிகிரி தாமதித்து விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரையே அமைத்திருந்தார்கள். குறையை நீக்காமல் அதற்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த இந்த ஏற்பாடு, 1971-ஆம் வருஷ மாடலோடு ஒருவாறு முடிவுக்கு வந்தது. கூலரைக் காற்றின் பாதையிலிருந்து விலக்கி ஒரு தனிச் சிற்றறையில் வைத்து, விசிறியையும் அகலமாக்கி, கூலரைக் கடந்த காற்று தனி வழியாக வெளியேறும்படி செய்தார்கள். அந்தச் சிற்றறை நாய்க்கூண்டைப் போல இருப்பதால் பீட்டில்காரர்கள் அதை 'டாக்ஹவுஸ்' என்றே அழைக்கிறார்கள். பழைய எஞ்சினோ புதிய எஞ்சினோ, எதை ஏற்றினாலும் இந்தக் கூலரோடு ஏற்றுங்கள் என்பது, எனக்குத் தெரிந்தவரையில், கட்சிபேதமின்றி எல்லா மெக்கானிக்குகளும் ஒப்புக்கொள்ளும் ஒரே சித்தாந்தம்.

அடுத்தபடியாக எஞ்சினின் உடலைக் கவனிக்கவேண்டும். கிராங்க்கேஸ் எனப்படும் அந்த உடல் இரண்டு பாதிகளாகச் செங்குத்தாகப் பிரிவது. வார்க்கப்பட்ட உலோகம் மக்னீசியம் கலந்த கலவை. மக்னீசியத்தின் எடை அலுமினியத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். பின்சக்கரங்களுக்கும் பின்னால் எஞ்சினைத் தொங்கவிட்ட காருக்கு இந்த லாகவம் மிகவும் அவசியமாக இருந்தது. கிராங்க்கேஸிலும் கியர்பாக்ஸ் கூட்டிலுமாக ஒரு காருக்கு இருபது கிலோ அளவுக்கு இந்த உலோகம் செலவாகி, அந்நாளில் உலகத்திலேயே மிக அதிகமாக மக்னீசியம் வாங்கும் ஸ்தாபனமாக வோக்ஸ்வாகன் விளங்கிற்று.

ஆனால் இந்த உலோகத்துக்கு ஒரு துர்க்குணம் உண்டு. ஆரம்பத்தில் உபயோகித்த ஏ.இஸட். 81 என்ற கலவையில் அலுமினியம் எட்டு சதவிகிதமும் துத்தநாகம் ஒரு சதவிகிதமும் இருந்தன. அலுமினியமும் மக்னீசியமும் கூடி, உலோகத்தின் நுண்ணிய மணிகளுக்கு இடையே, சுவரில் செங்கற்களுக்கு நடுவே உள்ள சாந்தைப் போல ஒரு சேர்மமாகப் படிகின்றன. சாதாரண உஷ்ணத்தில் இந்தச் சாந்து உறுதியானதுதான். 120 டிகிரியை நெருங்கினால் இளக ஆரம்பித்துவிடும். அப்போது ஓயாத பாரத்தின் கீழிருக்கும் உலோகம், உடையாமலும் முறியாமலும், மாதக்கணக்கில் வருஷக்கணக்கில், கண்ணுக்குத் தெரியாதபடி மெல்ல நகர்ந்து கொடுக்கிறது. இதற்கிடையில் சிலிண்டரையும் ஹெட்டையும் கிராங்க்கேஸோடு இறுக்கிப் பிடித்திருக்கும் எஃகு ஸ்டட்டுகள் வேறு ஒரு கஷ்டத்தை உண்டாக்குகின்றன. அலுமினிய ஹெட், சூட்டில், எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவது. அது விரிய விரிய ஸ்டட்டுகள் இழுபடுகின்றன. இழுபட்ட ஸ்டட்டு, இளகிய மக்னீசியத்திலிருந்து திருகுப் பள்ளத்தையே பெயர்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. கிராங்க்ஷாஃப்ட் உட்காரும் பேரிங் இருக்கைகளும் இதே விதமாக அடிபட்டு முட்டை வடிவமாகிவிடுகின்றன.

இதற்கு உலோகவியலார் கண்ட பரிகாரம் அழகானது. அலுமினியத்தை நான்கு சதவிகிதமாகக் குறைத்து, ஒரு சதவிகிதம் சிலிக்கானைச் சேர்த்து, ஏ.எஸ். 41 என்றொரு கலவை செய்தார்கள். அதில் மணிகளுக்கிடையே தோன்றும் மக்னீசியம் சிலிசைடு ஆயிரம் டிகிரிக்கு மேலும் உருகாத சேர்மம். எஞ்சினின் சூடு அதற்கு ஒரு பொருட்டன்று. பின்னர் அலுமினியத்தை இன்னும் குறைத்து ஏ.எஸ். 21 வந்தது. ஸ்டட்டுகளையும் 10 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டராக மெலியச் செய்து, எஃகு உறைகளில் திருகினார்கள். மெலிந்த ஸ்டட்டு சற்று நீண்டு கொடுக்கும். நீண்டு கொடுப்பதனால் மக்னீசியத்தைப் பெயர்க்காது. பழைய கிராங்க்கேஸை வாங்குகிறவர், அதன் அடிப்புறத்தில் வார்ப்பிலேயே பொறித்திருக்கும் இந்தக் கலவையின் பெயரைத் தேடிப் பார்ப்பது, குதிரை வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்குச் சமானம்.

இவ்வளவும் தெரிந்தபின் எஞ்சினின் பரிமாணத்தைப் பற்றிப் பேசலாம். 1954-இல் 1,192 கன சென்டிமீட்டரில் 30 குதிரைச் சக்தி தந்த எஞ்சின், 1,285, 1,493 என்று வளர்ந்து, கடைசியில் 1,584-இல் 50 குதிரைச் சக்தியாக நின்றது. சிலிண்டரின் உள்விட்டம் 85.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 69 மில்லிமீட்டர். இதற்கு மேலும் வளர்க்க விரும்புகிறவர்களுக்கு 87, 88, 90.5, 92, 94 என்று பல விட்டங்களில் சிலிண்டர்களும் பிஸ்டன்களும் கிடைக்கின்றன. முதல் இரண்டும் கிராங்க்கேஸை லேத்துக்கு அனுப்பாமலே பொருந்துமாகையால் மலிவாகத் தோன்றும். துவாரம் அப்படியே இருக்க உள்விட்டம் மட்டும் வளர்ந்தால் மெலியவேண்டியது சுவர்தான். மெலிந்த சுவர் சூட்டில் கோணும். கோணினால் ஆயில் எரியும். ஆகவே 88-ஐ நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். 90.5-க்குக் கிராங்க்கேஸையும் ஹெட்டையும் கடைந்து அகலப்படுத்தவேண்டும். ஆனால் சுவர் தடிப்பானது. 1,776 கன சென்டிமீட்டர் எஞ்சின் என்று பிரசித்தி பெற்றது இதுதான்.

இங்கே கணக்குப் போடாமல் போகிறவர்கள் அகப்பட்டுக்கொள்ளும் கண்ணி ஒன்று உண்டு. 1,584-இல் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 396. கம்ப்ரெஷன் விகிதம் 7.5. அப்படியானால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 61 கன சென்டிமீட்டர். அந்த இடத்தை மாற்றாமல் சிலிண்டரை மட்டும் 444 ஆக்கினால், விகிதம் நம்மைக் கேளாமலே 8.3 அளவுக்கு ஏறிவிடும். நீரால் குளிரும் எஞ்சினுக்கு 8.3 ஒரு விஷயமே அன்று. ஹெட்டே 190 டிகிரியில் கொதிக்கும் எஞ்சினில், தீப்பொறி கிளப்பிய சுடர் பரவி முடிவதற்குள் எஞ்சிய கலவை தானே வெடிக்கும் ஆபத்து அதிகம். சூடு வெடிப்பை வளர்க்க, வெடிப்பு சூட்டை வளர்க்க, முடிவில் பிஸ்டன் உருகும். ஹெட்டுக்கு அடியில் வேண்டிய இடைவெளியை விட்டு விகிதத்தைப் பழைய நிலைக்கு இறக்கிக்கொள்ளத் தெரிந்தவர் மட்டுமே பெரிய சிலிண்டரைத் தொடலாம். பிறக்கும் உஷ்ணம் கொள்ளளவோடு வளர்கிறது. விசிறியோ கம்பெனி கொடுத்த அதே விசிறி என்பதையும் மறக்கலாகாது.

புதுச் சம்பந்தி வீட்டோடு ஒத்துப்போகவேண்டிய சங்கதிகளும் இருக்கின்றன. ஆறு வோல்ட் காலத்துப் பீட்டிலில் ஃப்ளைவீலுக்கு 109 பற்கள், கிளட்ச் 180 மில்லிமீட்டர். 1967-ஐ ஒட்டி வந்த பன்னிரண்டு வோல்ட் கார்களில் 130 பற்கள், 200 மில்லிமீட்டர். பிந்திய எஞ்சினை முந்திய காரில் ஏற்றினால், ஃப்ளைவீல் கியர்பாக்ஸின் வாயில் உரசும். உள்ளே சற்று அரைத்துக் கொடுத்து, ஸ்டார்ட்டரையும் கவனிக்கவேண்டும். 1200 காரின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.375, பெரிய எஞ்சின் அதில் அநாவசியமாகக் கத்தும், 4.125 அல்லது 3.875 உள்ள கியர்பாக்ஸே அதற்கு ஏற்றது. பிரேக்கைப் பற்றி ஒரே வார்த்தை: ஐரோப்பாவில் 1500 பீட்டிலுக்கு, வெறும் 44 குதிரைச் சக்திக்கே, கம்பெனி முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் வைத்தது.

வேற்றுக் குலத்து எஞ்சின்களும் இருக்கின்றன. 1968-இல் 411 என்ற பெரிய காருக்காக வோக்ஸ்வாகன் செய்த டைப் 4 எஞ்சின், அலுமினிய உடலும் 1.7 முதல் 2 லிட்டர்வரை கொள்ளளவும் கொண்டது. போர்ஷே 914-லும் பின்னாளைய வேன்களிலும் உழைத்தது. காற்றினால் குளிரும் வோக்ஸ்வாகன் எஞ்சின்களில் உறுதியானது அதுவே என்று நான் தயங்காமல் சொல்வேன். பணமும் பொறுமையும் உள்ளவர் அதற்கு நிமிர்ந்த விசிறிக்கூடு செய்து பீட்டிலில் வைக்கலாம். அமெரிக்கர்கள் ஒரு காலத்தில் ஷெவ்ரலே கார்வேரின் ஆறு சிலிண்டர் எஞ்சினை ஏற்றிப் பார்த்தார்கள். அது எதிர்த்திசையில் சுற்றுவது. ஒன்றும் மாற்றாமல் பூட்டினால் பீட்டில் நான்கு கியரில் பின்னோக்கியும் ஒரு கியரில் முன்னோக்கியும் போகும்! இன்று பலர் நாடுவது சுபாருவின் நீர் குளிர்விக்கும் எஞ்சினை. அதுவும் படுத்த நிலையில் நான்கு சிலிண்டர். சுற்றும் திசையும் ஒன்றே. நடுவே ஒரு தகடு வைத்தால் பொருந்திவிடும். ஆனால் பின்னால் உள்ள எஞ்சினுக்கும் முன்னால் வைக்கும் ரேடியேட்டருக்கும் இடையே காரின் முழு நீளத்துக்கும் குழாய் ஓடவேண்டும். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. வோக்ஸ்வாகனே 1982-இல் தன் வேனுக்கு நீரைக் கொண்டுவந்தது. போர்ஷே 911-உம் 1998-இல் காற்றை விட்டது. 2019-இல் அதே வோக்ஸ்வாகன், ஜெர்மானியக் கூட்டாளி நிறுவனம் ஒன்றின் உதவியோடு, பழைய பீட்டிலில் மின்சார மோட்டாரைப் பொருத்திக் காட்டிற்று: 60 கிலோவாட் சக்தி, 36.8 கிலோவாட்-மணி பாட்டரி, 200 கிலோமீட்டர் ஓட்டம், 1,280 கிலோ எடை. பீட்டிலின் உருவம் அதில் இருக்கிறது, சப்தம் இல்லை.

அன்றாடம் ஓட்டுவதற்கென்று கேட்கிறவருக்கு என் பதில் சாதாரணமானது: இரட்டை வாய் ஹெட்டும், அதாவது சிலிண்டருக்கு ஒன்றாகக் கலவை நுழையும் வாய் உள்ள ஹெட்டும், டாக்ஹவுஸ் கூலரும் உள்ள 1,584 எஞ்சின், நல்ல கிராங்க்கேஸில். ஆதியில் இதற்கு ஆயில் ஃபில்டரே கிடையாது, ஒரு சல்லடை மட்டும்தான். 1993-க்குப் பின் மெக்சிகோவில் வந்த 1600i-யில் கம்பெனியே ஃபில்டர் வைத்தது. ஆகவே நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தகடுகள், கதவுகள், தெர்மோஸ்டாட், ரப்பர்ப் பட்டை எதையும் 'இது எதற்கு' என்று கழற்றி எறியவேண்டாம். குரோமியம் பூசிய பளபளப்பான சாமான்களுக்காக அவற்றைத் துறப்பவர்களைப் பார்த்தால், மூக்கை அறுத்துக்கொண்டு மூக்குத்திக்கு இடம் தேடுகிறவர்களின் நினைவு எனக்கு வருகிறது. பெல்ட்டின் கீழ்ச் சக்கரத்தைச் சிறிதாக்கினால் சக்தி கூடும் என்று விற்பார்கள்; கூடுகிற அந்தச் சொற்பமும் விசிறியின் வேகத்தைத் திருடிக் கொடுப்பது.

பழைய எஞ்சின் ஒன்றை விலை பேசும்போது, பணத்தை எடுக்குமுன், பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கிராங்க்ஷாஃப்ட் முனையில் உள்ள சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி உங்களை நோக்கி இழுத்துப் பின் உள்ளே தள்ளிப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட ஆட்டம் 0.07 முதல் 0.13 மில்லிமீட்டர்வரை, 0.15 எல்லை. இந்த அளவு கைக்கு அநேகமாகத் தெரியாது. 'டக்' என்று தெளிவாக ஒரு சப்தம் கேட்டால், விற்பவர் சொல்லும் குதிரைச் சக்தி எத்தனையானாலும், அந்த எஞ்சினை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.